கத்தரிக்கோலுக்கு அத்தை தைத்த பை

கதிர், முதலில் பசியாறு; பிறகு படி. பெட்டி கட்டுகிற அவசரத்தில் நீ பிஸ்கட்டும் மைலோவுமாக நாளை ஓட்டிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். சீக்கிரமே விமானம் ஏறப்போகிற பிள்ளை நீ. ஒரே தீவில் இருந்துகொண்டு, ஆயர் ஈத்தாமில் நம் வீட்டுக்கு ஒரு பஸ் ஏறி வராமல், விடுதியிலேயே கிடக்கிறாய். போன் செய்தால் "லேப்ல இருக்கேன்மா" என்கிறாய். உன் தங்கை அனுப்புகிற செய்திக்கெல்லாம் ஒரு சிரிக்கிற முகத்தைத் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறாய். பேசினால் உனக்கு நடுவில் வேறு அழைப்பு வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். அச்சுக்கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பேனர் வெட்டுகிற மேசையின் மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை நான் உறையில் ஒட்டி, யாருக்கும் காட்டாமல் அனுப்பவில்லை என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். உன் தங்கை தர்ஷினிக்கும் லோகேஸுக்கும் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன். உன்னோடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, கோயில் மண்டபம் மண்டபமாகப் போய் மரபணுவைப் பற்றிப் பேசுகிற மாணவப் பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும். நீ போன பிறகு மைக்கைப் பிடிக்கப் போகிறவர்கள் அவர்கள்தானே. சரோஜா அத்தைக்கு மட்டும் நான் படித்துக் காட்டவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியது உன் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஏன் என்று கடைசியில் உனக்கே புரியும்.

உன் வேலையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. நீ செய்த முதல் சொற்பொழிவு நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது, நினைவிருக்கிறதா? அப்பாவுக்குச் சர்க்கரை ஏறி, டாக்டர் இன்சுலின் ஊசி போடச் சொன்னபோது அவர் மாட்டேன் என்று மல்லுக்கு நின்றார். பிறைத் தொழிற்பேட்டையில் அவரோடு சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லி வைத்திருந்தார்கள். அது கிருமியிலிருந்து எடுக்கிற மருந்து, உடம்புக்குள் போனால் கிருமி குடும்பம் நடத்தும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். நீ அப்போது பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம். சாம்பார்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, மனிதனுடைய மரபணுவில் ஒரு சின்னப் பகுதியைக் கிருமிக்குள் வைத்தால், நம் உடம்பு செய்ய மறந்ததை அது செய்து தரும் என்று விளக்கினாய். "அப்போ எனக்குக் கிருமிதான் சமைக்குதா?" என்று அப்பா கேட்டார். "ஆமாப்பா, அம்மாவவிட சுத்தமா சமைக்கும் லா" என்றாய். அவர் சிரித்த சிரிப்பில் ஊசிப் பயம் போய்விட்டது. அன்றைக்கு உன் முதுகில் ஒன்று வைத்தேன் என்றாலும், மனசுக்குள் பெருமையாக இருந்தது. இன்றைக்கு அவர் கண்ணும் காலும் நன்றாக இருக்கிறதென்றால் அதில் உன் பங்கு உண்டு.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் 'கதிர் சொன்னா சரி' என்று ஆகிவிட்டது. சோயாவில் செய்கிற தௌஃபூ சாப்பிடலாமா, பாசாரில் விற்கிற பெரிய பப்பாளியில் ஏதாவது கலந்திருக்கிறார்களா, தடுப்பூசி நம் மரபணுவை மாற்றிவிடுமா என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். நீயும் சலிக்காமல் பதில் சொன்னாய். நீயும் நண்பர்களும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் போட ஆரம்பித்தபோது பேனர் எல்லாம் நம் கடையில்தான் அடித்தேன். வாழைப்பழத்தை மசித்து, பாத்திரம் கழுவுகிற சோப்பும் உப்பும் போட்டு, குளிர்ந்த ஸ்பிரிட்டை மெல்ல ஊற்றி, வெள்ளை நூலாக மிதக்கிறதே, அதுதான் மரபணு இருக்கிற இழை என்று நீ காட்டும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்தக் கூட்டங்களை நானும் நன்றாகவே கவனித்துக்கொண்டேன். அரிசிச் சேமியா மீகூன் பொட்டலம் கட்டியது யார், சொல். அந்தப் பெரிய பேனர் மட்டும்தான் எனக்கு அப்போதே உறுத்தியது. முறுக்கிய ஏணியாக வரைந்த மரபணு இழையை ஒரு பெரிய கத்தரிக்கோல் வெட்டுகிற படம். "எதுக்குப்பா இவ்ளோ பெருசு?" என்று கேட்டேன். "பின்னால உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியணும்மா" என்றாய். தெரியத்தான் தெரிந்தது.

உன் நண்பர்களுக்குத் தெரியாத கதையை இங்கே சொல்ல வேண்டும். சரோஜா, அப்பாவின் தங்கை. நிபோங் திபாலில் கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறாள். அவள் மகன் லோகேஸ். தர்ஷினி பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வாங்கி "என் மருமக" என்று சொன்னவள் சரோஜா. நம் ஆட்களுக்கு அது புதிதில்லை. அத்தை மகன், மாமன் மகள் என்றால் முறை. பிள்ளைகள் இரண்டும் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தன, பிடித்தும் போய்விட்டது. பதினாறு வயசில், படிவம் நான்கு படிக்கும்போது பள்ளியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களே, அதில்தான் தெரிந்தது, தலசீமியா என்கிற ரத்தக் குறை லோகேஸிடமும் உண்டு, தர்ஷினியிடமும் உண்டு என்று. அவர்களுக்கு நோய் இல்லை. ஆனால் பிள்ளைக்குக் கொடுக்க முடியும். பிறகு அப்பாவுக்கும் சரோஜாவுக்கும் பார்த்தார்கள், இருவரிடமும் இருந்தது. ஒரே வீட்டு ரத்தம், இரண்டு பக்கமாகப் பிரிந்து போய், இந்தப் பிள்ளைகளிடம் மறுபடி சேரக் காத்திருந்தது. உனக்கு மட்டும் வரவில்லை. அந்த முடிவு வந்த நாளில் உன் முகம் தப்பித்தவன் முகமாக இல்லை. தங்கைக்கு வந்தது தனக்கு வரவில்லையே என்று கூசிக்கொண்டு நின்றாய். நீ இந்தப் படிப்பை எடுத்ததே அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு பேருக்கும் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னார். அப்படிப் பிறந்தால் சில மாதத்திலேயே பிள்ளை வெளிறிப் போகும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க மாதாமாதம் யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்ற வேண்டும். அந்த ரத்தத்தில் சேர்கிற இரும்பை எடுக்க மருந்தும் வேண்டும். அதைக் கேட்டுவிட்டு வந்து, கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். சரோஜா அழுதாள், பிறகு கோபித்தாள், பிறகு வருவதையே நிறுத்திவிட்டாள். தீபாவளிக்கு அவள் வீட்டு முறுக்கு டின் வரவில்லை. தர்ஷினி என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். வீட்டில் நான் வில்லி. ஆனாலும் நான் அசையவில்லை.

பிறகுதான் நிபோங் திபால் மண்டபத்தில் உன் கூட்டம். நான் பின்பக்கம் பொட்டலங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். நடந்ததை உன் நண்பர்கள் எடுத்த வீடியோவில்தான் முழுசாகப் பார்த்தேன். மரபணுவைத் திருத்துவது என்றால் என்ன என்று காட்ட, நீ சரோஜாவின் கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகைச் சரத்தை வாங்கினாய். நடுவில் ஒரு சிவப்புப் பூ தவறிப்போய்க் கட்டியிருந்தது. "இந்த ஒரு பூதான் தப்பு. சரம் முழுசும் தூக்கிப் போடணுமா? தேவையில்ல" என்று சொல்லி, ஒரு கத்தரிக்கோலால் அந்தப் பூவை மட்டும் வெட்டி, அந்த இடத்தில் மல்லிகையை வைத்து முடிச்சுப் போட்டாய். மண்டபமே கைதட்டியது. நல்ல விளக்கம்தான், மறுக்கவில்லை. அப்போது சரோஜா எழுந்தாள். இத்தனை வருஷம் வாய் திறக்காதவள், ஊர் பார்க்க எழுந்து நின்றாள்.

"கதிரு, அத்த ஒண்ணு கேக்குறேன். நம்ம லோகேசு ரத்தத்துல இருக்கே, தர்ஷினிக்கும் இருக்கே, அந்தப் பூவையும் இப்படி வெட்டி எடுத்துறலாமா?"

நீ அவள் முகத்தைப் பார்த்தாய். வீடியோவில் அது நன்றாகத் தெரிகிறது. "எடுத்துறலாம் அத்தே. அதையும் சரி பண்ண முடியும்" என்றாய். மறுபடி கைதட்டல். அந்தச் சத்தத்துக்குள்ளேயே, மேடை ஓரம் நின்ற உன் விரிவுரையாளர் பக்கம் திரும்பி, வேகமாக, "பட் ஸ்டில் வெரி எர்லி லா, நாட் அவைலபிள் ஹியர், நாட் ஃபோர் பேபீஸ்" என்றாய். அவர் தலையாட்டினார். நீ அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய்.

நீ பொய் சொல்லவில்லை, கதிர். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ சொன்ன எல்லாமே சரி. முடியும் என்பது தமிழில் வந்தது. எங்கே, யாருக்கு, எப்போது என்பது இங்கிலீஷில் வந்தது. சரோஜா கேட்டது தமிழில். சின்ன வயசிலிருந்தே உனக்கு இந்தப் பழக்கம் உண்டு. பரீட்சையில் நல்ல மார்க் என்றால் படி ஏறும்போதே "அப்பா!" என்று தமிழில் கூவிக்கொண்டு வருவாய். கீழ் வீட்டுக்காரர் வாசலில் நிறுத்தியிருந்த காடியின் முன் கண்ணாடியைப் பந்தடித்து உடைத்த அன்று, அப்பாவுக்குப் புரியாமல் இருக்க என்னிடம் இங்கிலீஷில் வந்து சொன்னாய். நானும் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் திட்டினேன். வீட்டுக்குள் அது விளையாட்டு. மைக் பிடித்தவனுக்கு அது விளையாட்டில்லை. இது உனக்கு மட்டும் உள்ள குறையுமில்லை. உன் கூட்டத்தில் பேசுகிற எல்லாப் பிள்ளைகளையும் கவனித்திருக்கிறேன். நம்பிக்கை கொடுக்கிற வாக்கியத்தை எல்லோரும் அழகான தமிழில் தயார் செய்துகொண்டு வருகிறீர்கள். எச்சரிக்கை வந்ததும் நாக்கு பல்கலைக்கழகத்துக்கு ஓடிவிடுகிறது.

அந்த வாரமே உன் கூட்டத்துத் தம்பிமார்களில் யாரோ ஒருவன், நல்லெண்ணத்தோடுதான், பூவை வெட்டுவதில் ஆரம்பித்து 'சரி பண்ண முடியும்' என்பதோடு நிறுத்தி, ஒரு சின்ன வீடியோ செய்து அனுப்பினான். அது எந்தெந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிற்றோ. எனக்கே வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்தது. சரோஜா அந்த வீடியோவை எடுத்துக்கொண்டு, இத்தனை வருஷத்துக்குப் பிறகு நம் வீட்டுப் படி ஏறினாள். கை நிறையப் பூ. நான் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். "அண்ணி, இனிமே உங்களுக்கு என்ன தடை? பெத்த மகனே சொல்லிட்டான்" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். தர்ஷினி அறைக் கதவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். நான் உனக்குப் போன் செய்தேன். "டெக்னாலஜி ரொம்ப வேகமா போகுதும்மா. அவங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, டெஸ்ட் எடுத்துக்குவாங்க" என்றாய். அதிலும் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை.

கல்யாணம் நடந்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லோகேஸ் தங்கமான பிள்ளை. தர்ஷினி சிரித்துப் பேசுகிறாள், என்னோடும் பேசுகிறாள். இந்த மாதிரி இரண்டு பேர் எல்லாம் தெரிந்து கல்யாணம் செய்து, பரிசோதனை செய்து பார்த்து நன்றாக வாழ்கிறார்கள் என்று டாக்டரே சொன்னார். என் சண்டை கல்யாணத்தோடு இல்லை. அந்தக் கத்தரிக்கோலோடுதான். மண்டபத்துக் கூட்டம் முடிந்து கழற்றிய பேனரைச் சரோஜா கேட்டு வாங்கிக்கொண்டு போனாளே, அதை இப்போது லோகேஸின் மோட்டார் சைக்கிளை மழைக்கு மூடுவதற்குப் போட்டிருக்கிறாள். நிபோங் திபாலுக்குப் போகும்போதெல்லாம் வாசல் கேட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் பெரிய கத்தரிக்கோல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நான் அடித்த பேனர். மை இன்னும் வெளுக்கவே இல்லை.

தர்ஷினி கர்ப்பமாகி இப்போது மூன்று மாதம் முடிந்துவிட்டது. போன வாரம் ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு சேர்ந்த நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்தார்கள், பிள்ளைக்கு இரண்டு பக்கத்துக் குறையும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பார்க்க. வருகிற வியாழக்கிழமை சொல்வார்கள். இதையெல்லாம் அவள் உனக்கு எழுதியிருக்கிறாள். நீ அதற்கும் ஒரு சிரிக்கிற முகம் அனுப்பியிருக்கிறாய். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ பக்கத்தில் இல்லாதது உன் அதிர்ஷ்டம். பயத்தில்தான் அனுப்பினாய், தெரியும். ஆனால் அவள் அதை எப்படிப் படித்தாள் தெரியுமா? "அண்ணன் கவலையே படலம்மா. அப்போ ஏதோ வழி இருக்கு" என்றாள்.

வங்கியில் வேலை பார்க்கிற பெண், கணக்குத் தெரிந்தவள். கத்தரிக்கோல் இன்று இங்கே இல்லை என்று அவளுக்குத் தெரியும். "இப்ப இல்லன்னாலும் அண்ணன் படிச்சு முடிச்சு வர்றதுக்குள்ள வந்துரும். பிள்ளைக்கு ஒரு அஞ்சாறு வயசு வரைக்கும் ரத்தம் ஏத்தி ஓட்டிட்டா போதும்" என்கிறாள். டாக்டர் அவளிடம் பொறுமையாகத்தான் சொன்னார், நானும் கூட இருந்தேன். எங்கோ சில நாடுகளில், சில பெரிய ஆஸ்பத்திரிகளில், ஓரளவு வளர்ந்த பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள், ரத்தம் ஊறுகிற செல்லை வெளியே எடுத்துத் திருத்தி, எலும்புக்குள் இருப்பதைக் கடுமையான மருந்தால் காலி செய்துவிட்டு, திருத்தியதைத் திருப்பி ஏற்றுகிறார்கள், எல்லோருக்கும் ஒத்துவராது, நம் ஊருக்கு எப்போது வரும் என்று தன்னால் சொல்ல முடியாது, கருவில் இருக்கிற பிள்ளைக்கு இப்போது எங்கேயும் கிடையாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காடியில் ஏறியதும், "டாக்டர் கேர்ஃபுல்லாதான் பேசுவாங்க, அவங்க வேல அது. அண்ணன்கிட்ட கேட்டுக்கிறேன்" என்றாள்.

இது நம் குடும்பத்தோடு நின்றால்கூட நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். போன வாரம் ஓர் அம்மா, பிறையிலிருந்து ஃபெரி ஏறி, கேட்டுக் கேட்டு, லெபோ பாசார் தெருவில் நம் கடையைக் கண்டுபிடித்து வந்தாள். பேனரின் அடியில் போட்டிருந்த கடை பெயரை வீடியோவில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். கல்யாண அழைப்பிதழ் அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து மாதிரிகளை எடுத்துப் போட்டேன். "அதுக்கில்ல அக்கா, அந்தப் பூ வெட்டுற தம்பி எங்க இருக்காரு? என் பேரனக் காட்டணும்" என்றாள். கையில் மடித்த ஆஸ்பத்திரிக் கோப்பு. பையனுக்கு வேறு ஏதோ தசை நோய், தலசீமியாகூட இல்லை. உட்கார வைத்து, தண்ணி கொடுத்து, என் பிள்ளை டாக்டர் இல்லை, படிக்கிற பையன்தான், ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்று சொன்னேன். நம்பவில்லை. நான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "ஏழபாழைங்களுக்குச் சொல்ல மாட்டீங்கதானே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் திரும்ப வருவாள் என்று தோன்றுகிறது. அவளைப் போல இன்னும் எத்தனை பேர் அந்த வீடியோவைப் போனில் பத்திரமாக வைத்திருக்கிறார்களோ.

இப்போது அத்தை தைத்த பையின் கதைக்கு வருகிறேன். நேற்று சரோஜா கடைக்கே வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. நீ வெளிநாட்டுக்குப் படிக்கப் போவது இந்தப் பிள்ளைக்காகத்தான் என்று அவள் முடிவே செய்துவிட்டாள். உன் பேருக்கும், இன்னும் பேர் வைக்காத பிள்ளைக்கும் சேர்த்துக் கோயிலில் அர்ச்சனை செய்திருக்கிறாள். பிரசாதத் திருநீற்றை என் நெற்றியில் வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்துக் கொடுத்தாள். மஞ்சளில் நனைத்துக் காயவைத்த புதுத் துணி, ஓரமெல்லாம் கையால் தைத்தது, வாயில் சுருக்குக் கயிறு.

"இது கதிருக்கு, அண்ணி. அந்தக் கத்திரிக்கோல வாங்கிட்டு வரும்போது இதுல போட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. வெறும் கையில தூக்கிட்டு வரக்கூடாது பாருங்க, நல்ல காரியம்."

"சரோஜா, அது கத்தரிக்கோல் இல்ல. சும்மா விளங்கிறதுக்குச் சொன்னது. உள்ள அந்த மாதிரி பொருளே கெடையாது" என்றேன். டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் மறுபடி தமிழில் சொன்னேன். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உங்களுக்கு ஆரம்பத்துலருந்தே இதுல இஷ்டமில்ல அண்ணி. அத நான் தப்பா எடுத்துக்கல. ஆனா டாக்டரு ஒண்ணு சொல்லுவாரு, நீங்க ஒண்ணு சொல்லுவீங்க. என் அண்ணன் மகன் என் மூஞ்சப் பாத்து முடியும்னு சொன்னான். தாய்மாமன் அவன். மொத முடியும் அவன் மடியிலதான், காது குத்தும் அவன் மடியிலதான். இதையும் அவன் மடியில வச்சே செஞ்சிறலாம். அவன் கை பட்டா பிள்ளைக்கு வலிக்காது."

சிரிக்காதே, கதிர். அவளை முட்டாள் என்று உன் நண்பர்கள் யாரும் நினைக்கவும் வேண்டாம். மண்டபத்தில் நீ காட்டியதைத்தான் அவள் நம்பினாள். அவள் கட்டிய பூவில், அவள் கண் முன்னால், ஒரு கத்தரிக்கோலால் செய்து காட்டினாய். மொட்டை போடுவதும் காது குத்துவதும் மாமன் மடியில் என்றால், இதையும் மடியில் வைத்துத்தான் செய்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியதில் என்ன ஆச்சரியம்? அவள் போன பிறகு ஒரு அழைப்பிதழைக் கோணலாக வெட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. நல்லதாகவே வரலாம், அதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று நீயே சொல்வாய். வேறு மாதிரி வந்தால், தர்ஷினியும் லோகேஸும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். என்ன முடிவு என்பதை நான் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லக் கூடாது, அத்தையும் சொல்லக் கூடாது. வயிறு அவளுடையது, வாழ்க்கை அவர்கள் இருவருடையது. அந்தப் பிள்ளை எப்படி வந்தாலும் அள்ளி வளர்க்க நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். ஆனால் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், அது இல்லாத ஒரு கத்தரிக்கோலை நம்பி எடுத்த முடிவாக இருக்கக் கூடாது. வருஷங்கள் போய், பிள்ளை ஒவ்வொரு மாதமும் ஊசிக்குக் கை நீட்டும்போது, "மாமா எப்பம்மா வருவாரு?" என்று அது கேட்கக் கூடாது.

இதைச் சொல்ல நான் போதாது என்பது இப்போது உனக்குப் புரிந்திருக்கும். டாக்டரும் போதாது. இதுவரை எழுதியதைச் சாயங்காலம் நிபோங் திபாலுக்குப் போய் வாசித்துக் காட்டியபோது தர்ஷினி கடைசி வரைக்கும் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சரிதாம்மா. ஆனா அண்ணன் வாயால வரட்டும்" என்றாள். லோகேஸ் எழுந்து வெளியே போய், மோட்டார்மேல் கிடந்த பேனரை இழுத்து மடித்து வைத்தான்.

உன் கூட்டங்களை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. நீங்கள் பேசாமல் விட்டால் அந்த இடத்தில் பேச வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள், பொடி விற்கிறவனும் எண்ணெய் விற்கிறவனுமாக. பேசுங்கள். ஆனால் 'முடியும்' என்பதை எந்த மொழியில் சொல்கிறாயோ, அதே மொழியில், அதே சத்தத்தில், கைதட்டல் அடங்கும் வரைக்கும் நின்று, 'இன்னும் இல்லை' என்பதையும் சொல். அதற்குத் தமிழில் வார்த்தை கிடைக்கவில்லை என்றால் எனக்குப் போன் செய். மூன்று மொழியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவள் நான், தேடித் தருகிறேன்.

வியாழக்கிழமைக்கு முந்தி வருகிற ஞாயிற்றுக்கிழமை பைராம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் உங்கள் கூட்டம் இருக்கிறது. பெட்டி கட்ட வேண்டும் என்று அதைத் தம்பிமார்களிடம் தள்ளிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். திரும்ப வாங்கிக்கொள். தர்ஷினியும் லோகேஸும் வருகிறார்கள், அப்பா காடி எடுக்கிறார். சரோஜாவை நான் முதல் வரிசையில் உட்கார வைப்பேன். அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியை இன்னொரு முறை கேள் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அண்ணன் மகனை மேடையில் இன்னொரு முறை பார்க்கலாம் என்று சந்தோஷப்பட்டாள்.

அந்த மஞ்சள் பையை உன் பெட்டியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். நான் வைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து உன்னிடம் தருகிறேன். முழுப் பதிலையும் தமிழில் சொல்லிவிட்டு, மேடையை விட்டு இறங்கி வந்து, நீயே அதை அவள் கையில் திருப்பிக் கொடு.

அம்மா